நரிக்குடியில் எதுக்கு ஒரு சத்திரம்?

நரிக்குடியில் மருது பாண்டியர் கட்டிய சத்திரம் இருக்கு. எங்க பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஆனா "ஏன் இங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மருது பாண்டியர் பிறந்த முக்குளம் பக்கத்திலதானே இருக்கு, அதான்." சொந்த மண் என்கிற காரணம் சரிதான். ஆனால் அது மட்டும் போதாது. சத்திரம் என்பது அரண்மனையோ நினைவுச் சின்னமோ இல்லை. நடந்து வருகிறவனுக்குச் சோறும் திண்ணையும் கொடுக்கிற இடம். நடந்து வருகிறவன் இருந்தால்தான் அதற்கு வேலை. அப்போ யார் இந்த ஊர் வழியா நடந்து போனாங்க, எங்கிருந்து எங்கே?

இன்றைய வரைபடத்தைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற பெருவழி மானாமதுரை, பரமக்குடி என்று வைகையை ஒட்டியே போய்விடுகிறது. நரிக்குடி அதற்குத் தெற்கே ஒதுங்கி நிற்கிறது. விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று மூன்று மாவட்டங்கள் உரசுகிற மூலை. மானாமதுரை–விருதுநகர் ரயில் பாதையில் ஒரு நிலையம் உண்டு, 2013-இல் அகலப் பாதையாக மாறியது, ரயில்கள் குறைவு. நான் மென்பொருள் ஆள் என்பதால் இதை இப்படித்தான் யோசிப்பேன்: புள்ளி இருக்கு, புள்ளிகளை இணைத்த கோடு அழிந்துவிட்டது. அந்தக் கோட்டைத் தேடினதன் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

சேது போகிற கால்கள்

தென்கோடி பாண்டி நாட்டில் நடைவழிகளுக்கு ஒரே பெரிய காரணம் சேது. ராமேஸ்வரத்துக்குப் போகிறவர்களைக் கள்ளர் பயமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவே மதுரை நாயக்கர் 1605-ஐ ஒட்டி சடைக்கன் சேதுபதியை மறவர் நாட்டுக்குத் தலைவராக ஏற்றார் என்பது நாயக்கர் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிற செய்தி. அதாவது ஒரு அரசே ஒரு நடைபாதைக்குக் காவல் என்கிற பெயரில் எழும்பியிருக்கு. பிறகு சேதுபதிகளும், ராணி மங்கம்மாளும், சிவகங்கைக்காரர்களும் வழியெல்லாம் சத்திரம் கட்டினார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரத்தைப் பார்க்காமல் யாரும் அந்த ஊரைக் கடக்க முடியாது.

வடக்கிலிருந்து வருகிறவனுக்கு மதுரை, மானாமதுரை, பரமக்குடி வழி நேர்வழி. ஆனால் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும், சாத்தூர், அருப்புக்கோட்டைக் கரிசல் காட்டிலிருந்தும் வருகிறவன் எதுக்கு மதுரை வரை ஏறி இறங்கணும்? அவனுக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, பார்த்திபனூர் என்று குறுக்கே அறுத்துக்கொண்டு போய் வைகைக் கரையைப் பிடிப்பதுதான் லாபம். வழியில் திருச்சுழியில் சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில் வேறு இருக்கு. வரைபடத்தில் இந்த ஊர்களை ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்க, திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடையில் சுமார் 15 கிலோமீட்டர். பழைய கணக்கில் ஒரு காதம். காதம் ஊருக்கு ஊர் மாறும், பத்து மைல் என்று பொதுவாகச் சொல்வார்கள். மூட்டை முடிச்சோடும் கிழவன் கிழவியோடும் நடக்கிற கூட்டம், வெயில் ஏறுமுன் கிளம்பி, மத்தியானம் மரத்தடியில் படுத்து, பொழுது சாய வந்து சேர்கிற தூரம். சத்திரம் அங்கேதான் இருக்கணும். அங்கேதான் இருக்கு. இது என் கணிப்புத்தான். ஆனால் தூரமும் திசையும் இவ்வளவு ஒத்துப்போவதை வெறும் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை.

மருது சகோதரர்களின் காலத்தை நினைத்துப் பார்த்தால் இன்னொரு கோணமும் தெரியும். 1801 ஜூன் 16-இல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சியில் ஒட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 24-இல் இருவரையும் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். தந்தி கிடையாது, தபால் வண்டி கிடையாது. அந்தச் சில மாதப் போரில் ஆளும் செய்தியும் போனது இந்த மாதிரி ஒத்தையடிப் பாதைகளில்தான். சத்திரத்தில் தங்குகிற பரதேசிகளைவிட நல்ல செய்தி நிறுவனம் அன்றைக்கு வேற எது?

வழி செத்த தேதியை ஓரளவு துல்லியமாகவே சொல்லலாம். 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது. 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறந்தது. அதுக்கப்புறம் சேதுவுக்கு நடப்பது நேர்த்திக்கடனாகிவிட்டது, தேவை இல்லை.

இரண்டு ஆறு, தண்ணி இல்லாத பள்ளத்தாக்கு

பள்ளத்தாக்கு என்றதும் இரண்டு மலை, நடுவில் ஆறு என்று ஒரு படம் மனசுல வரும். இங்கே அது கிடையாது. மதுரை கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கடல் 100 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி. அதாவது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு. கண்ணுக்கு அது சமதரைதான். தண்ணிக்கு மட்டும் சரிவு தெரியும்.

இந்தச் சரிவில் வைகைக்குத் தெற்கே இரண்டு ஆறுகள். ஒண்ணு குண்டாறு. ஆண்டிப்பட்டி மலைப் பக்கம் தொடங்கி திருமங்கலம், திருச்சுழி, கமுதி என்று இறங்கி மன்னார் வளைகுடாவுக்குப் போகும். திருச்சுழித் தலபுராணக்காரர்களுக்கு அது கௌண்டின்ய நதி. ரமண மகரிஷியின் வாழ்க்கை வரலாறுகளிலும் அந்தப் பெயர் வரும், அவர் 1879 டிசம்பர் 30-இல் பிறந்தது அந்த ஊரில்தான். இன்னொண்ணு கிருதுமால். இது மதுரையிலேயே பிறந்து, நரிக்குடி ஒன்றியம் வழியாக வந்து, கீழே குண்டாற்றோடு சேர்கிறது. பாகவதத்தில் சத்தியவிரதன் என்ற அரசன் நதியில் அர்க்கியம் விடும்போது கையில் மீன் வந்து மச்ச அவதாரக் கதை தொடங்கும் இல்லையா, அந்த நதியின் பெயர் கிருதமாலா. இன்றைக்கு மதுரை நகருக்குள்ள அது சாக்கடை. மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் பாலத்தைக் கடக்கணும். நரிக்குடிப் பக்கத்துச் சம்சாரிகள் ஒவ்வொரு வருஷமும் விரகனூர் மதகணையிலிருந்து இதில் வைகைத் தண்ணி திறந்துவிடச் சொல்லி மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இரண்டு ஆறுமே வருஷத்தில் பாதிக்கு மேல் மணல். அதனால் இந்த ஊர்க்காரன் ஆற்றை நம்பவில்லை, கண்மாயை நம்பினான். ஆற்றிலிருந்து வரத்துக்கால், வரத்துக்காலிலிருந்து கண்மாய். அது நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய், அதற்கடுத்து இன்னொண்ணு. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் பிறை பிறையாக, எல்லாம் ஒரே பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். மேற்கும் வடமேற்கும் திறந்த வாய், கிழக்கிலும் தெற்கிலும் வளைந்த கரை. சரிவு எந்தப் பக்கம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் சொல்லாது.

நடைபாதைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் விஷயம் இருக்கு. கரிசலிலும் களிமண்ணிலும் ஒரு மழை விழுந்தால் போதும், செருப்பு அரைக்கிலோ, அடுத்த அடியில் ஒரு கிலோ. ஐப்பசி கார்த்திகையில் காட்டுக்குள்ள நடக்கவே முடியாது. நடக்கக்கூடிய உயரமான, கெட்டித்துக் கிடக்கிற, மரம் நிற்கிற ஒரே இடம் கண்மாய்க் கரை. ஆகவே பழைய பாதை நேர்கோட்டில் போகவில்லை. ஒரு கரையில் ஏறி, பிறையின் முதுகில் நடந்து, கலுங்கில் இறங்கி, மறுகால் ஓடையை ஒட்டிப் போய், அடுத்த கரையில் ஏறும். தண்ணி போன வழியில்தான் ஆளும் போனான். ஒரு ஊரின் கண்மாய்ச் சங்கிலியைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த ஊரின் நடைபாதையில் பாதியைக் கண்டுபிடித்த மாதிரி. மார்கழியில் ஒரு கரையில் கிடை ஆட்டுக்காரர் ஒருவரிடம் வழி கேட்டேன். "கலுங்குல தண்ணி ஓடுது தம்பி, முழங்காலுக்கு வராது, செருப்பக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க. மேலமடைகிட்ட மட்டும் கரை உள்வாங்கிக் கிடக்கு, உள்பக்கமா இறங்காதீக" என்றார். எந்தச் செயலியும் இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்காது.

கிடை என்றதும் ஒரு சேதி. இந்தப் பகுதியின் பாதைகளை இன்னமும் முழுசா உபயோகிக்கிறவர்கள் கீதாரிகள்தான். ராமநாதபுரத்துச் செம்மறி மந்தைகள் அறுப்பு முடிந்ததும் மாதக்கணக்கில் நடந்து சோழநாட்டு வயல் வரைக்கும் போய்த் திரும்பும். எங்கே ஊருணியில் தண்ணி இருக்கும், எந்தக் கரையில் இறங்க விடுவார்கள், எந்த ஊரில் சண்டைக்கு வருவார்கள் என்ற முழு வரைபடமும் அவங்க தலைக்குள்ளதான் இருக்கு.

கல்லில் இருக்கிற அடையாளங்கள்

பழைய வழியைத் தரையில் அடையாளம் காண நாலைந்து பொருள்கள் உதவும். முதலாவது சுமைதாங்கிக் கல். இரண்டு நட்டகல், மேலே ஒரு படுக்கைக்கல், தலைச்சுமையைக் குனியாமல் இறக்கி வைக்கிற உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவது வழக்கம். அது நிற்கிற இடத்தில் ஆள் சுமையோடு நடந்தான் என்று அடித்துச் சொல்லலாம். இன்றைக்கு முள்ளுக்குள்ள, எந்தச் சாலையும் இல்லாத இடத்தில் ஒரு சுமைதாங்கி தனியாக நின்றால், அதன் இரண்டு பக்கமும் பாதை போயிருக்கணும். அடுத்தது மாடு முதுகு சொறிகிற ஆவுரிஞ்சிக் கல், பெரும்பாலும் ஊருணி ஓரம். அப்புறம் ஊருக்கு வெளியே காரணமே இல்லாமல் வரிசையாக நிற்கிற புளிய மரங்கள். ஐயனார் கோயிலும் அதன் மண் குதிரைகளும் கண்மாய்க் கரையில் இருப்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் குண்டாற்றங்கரையில் பள்ளிமடம் என்று ஓர் ஊர். பெயரைக் கேட்டதும் ஏதோ பள்ளி, ஏதோ மடம் என்று கடந்துபோய்விடுவோம். அங்கே உள்ள சிவன் கோயில் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் சுந்தரபாண்டிய ஈஸ்வரம் என்று வருகிறது, பள்ளிப்படை. அதாவது ஒரு பாண்டியனைப் பள்ளிப்படுத்திய இடத்தில் எழுந்த கோயில். சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. பாண்டி நாட்டில் இந்த மாதிரி ஒரு பள்ளிப்படை அபூர்வம். ஆனால் ரமணர் பிறந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்களில் பலர் இத்தனை பக்கம் வந்தும் அதைப் பார்க்காமலே கார் ஏறிவிடுகிறார்கள்.

கீழே கமுதியிலும் குண்டாற்றங்கரையில் ஒரு கோட்டை இருக்கு, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சேதுபதி காலம். பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவர் துணையோடு கட்டியதாகச் சொல்வதுண்டு.

பிரான்சில் ஒரு சின்ன ஆறு

பிரெஞ்சு என்றதும் நான் இந்தத் தேடலில் அடிக்கடி ஒப்பிட்டுப் பார்த்த ஓர் இடத்தைச் சொல்லணும். தென்மேற்குப் பிரான்சில் லொட் என்ற ஆறு, அதில் வந்து சேர்கிற செலே என்ற சின்ன ஆறு. லெ புய் நகரத்திலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ நோக்கி நடக்கிற கிறிஸ்தவ யாத்திரிகர்களின் பழைய வழி அந்தப் பக்கமாகப் போகிறது. அதுவும் ஒரு சேது மார்க்கம்தான். பெருவழி ஃபீஷாக், கஜார்க் என்று போக, செலே பள்ளத்தாக்கை ஒட்டி ஒரு கிளைவழி உண்டு. வழியில் எஸ்பாஞாக் என்ற சிற்றூரில் பழைய கன்னிமாடத்தின் ஒரு பகுதியையே ஊராட்சி யாத்திரிகர் விடுதியாக நடத்துகிறது. மார்சியாக்கில் பாதி கூரை போன ஒரு மடாலயம். சத்திரமும் பள்ளிமடமும் என்றே எனக்குப் படும். லொட் கரையில் பூஸியெஸ் பக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டில் படகைக் கயிறுகட்டி இழுப்பதற்காகப் பாறையைக் குடைந்து போட்ட பாதை இருக்கு. படகு போய்விட்டது, பாதையில் இப்போ நடக்கிறார்கள்.

அங்கேயும் நடுவில் எல்லாம் விட்டுப்போனதுதான். ரயில், கார், ஊரைக் காலி செய்துவிட்டு நகரத்துக்குப் போன சனம், எல்லாம் அங்கேயும் உண்டு. 1947-இல் நெடுநடைப் பாதைகளுக்கென்று ஒரு குழு தொடங்கி, தன்னார்வலர்கள் டப்பாவும் தூரிகையுமாகப் போய் மரத்திலும் பாறையிலும் வெள்ளை மேலே, சிவப்பு கீழே என்று இரண்டு பட்டை தீட்ட ஆரம்பித்தார்கள். நேராகப் போனால் இரண்டு பட்டை. திரும்பணும் என்றால் வளைந்த குறி. இந்தப் பக்கம் போகாதே என்றால் பெருக்கல் குறி. அவ்வளவுதான் மொத்த இலக்கணமும். சந்தியாகோ வழி 1970-களில் இப்படித்தான் மறுபடி குறிக்கப்பட்டது. 1998-இல் அந்த வழியின் பிரெஞ்சுப் பகுதி யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது கோயில்களோடு கூட, செலே, லொட் பகுதியில் பல கிலோமீட்டர் பாதையும் பாரம்பரியச் சின்னமாகச் சேர்க்கப்பட்டது. பாதையே சின்னம்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது பெயிண்ட் இல்லை, சட்டம். அங்கே கிராமத்துப் பாதைகள் ஊராட்சியின் சொத்து. பொதுமக்கள் உபயோகிக்கிற வரைக்கும் பாதை; உபயோகம் நின்றுபோச்சு என்று ஆகிவிட்டால் ஊராட்சி அதை விற்கலாம். 1983-க்குப் பிறகு ஒவ்வொரு மாவட்டமும் நடைபாதைப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் ஏறிய பாதையை விற்கணும் என்றால் அதற்கு ஈடாக மாற்றுப்பாதை காட்டணும். இல்லாவிட்டால் விற்பனை செல்லாது.

நம்ம காகிதத்தில் பாதை

நம்ம ஊரிலும் காகிதம் இருக்கு, அதுவும் நல்ல காகிதம். ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்கள் 1948-ஆம் வருஷத்து ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரி முறைக்கு வந்தன. பின்னால் 1979-இலிருந்து 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். அதனால் கிராம வரைபடத்தில் பதிவாகியிருப்பது பெரும்பாலும் நம்ம அப்பா தாத்தா நடந்த பாதை. இரட்டை விட்டுவிட்ட கோடு என்றால் வண்டிப்பாதை, ஒற்றை என்றால் நடைபாதை. கிராம வரைபடத்தைக் கூகுள் எர்த்தின் மேல் நீட்டிச் சுருக்கிப் பொருத்திப் பார்த்தால், கண்மாய்க் கரைகள் சரியாக உட்காருகிற இடத்தில் மற்றதும் உட்காரும். மூன்று கரை முனைகளும் ஒரு கோயிலும் பொருந்திவிட்டால் பத்து மீட்டர் பிசகுக்குள் பாதை கிடைத்துவிடும். சிக்கல் என்னவென்றால் 1985-இல் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஒரே பாதையின் காகிதம் இப்போ மூன்று கலெக்டர் ஆபீசுக்குக் கீழே கிடக்கு.

பாதை சட்டப்படி எந்த நிலையில் இருக்கு என்பது முக்கியம். இரண்டு வகை. முதல் வகைக்குத் தனி சர்வே எண் உண்டு. அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே "வண்டிப்பாதை" என்று எழுதி, அரசு புறம்போக்கு என்று இருக்கும். இது பத்திரமானது. யாரும் உழுது உள்ளே சேர்த்திருந்தாலும் அது ஆக்கிரமிப்புத்தான், எடுக்கச் சொல்லலாம். இரண்டாவது வகை பட்டா நிலத்துக்குள்ளே போகிற கோடு. தனி எண் கிடையாது. பழைய கிரையப் பத்திரத்தில் "மாமூல் நடைபாதை வண்டிப்பாதை பாத்தியம் சகிதம்" என்று ஒரு வரி இருக்கும், அல்லது அதுவும் இருக்காது, ஊர் வழக்கம் மட்டுமே. இதற்குத்தான் 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் வருகிறது. அடுத்தவன் நிலம் வழியாக 20 வருஷம் இடையூறில்லாமல், உரிமையாக, பகிரங்கமாக நடந்தால் அந்த வழி உரிமையாகிவிடும். அதே சட்டத்தின் மறுபக்கம்: தொடர்ந்து 20 வருஷம் யாரும் நடக்காவிட்டால் அந்த உரிமை அழிந்துபோகும்.

இந்த 20 வருஷக் கணக்கை நரிக்குடி வட்டாரத்தின் மேல் வைத்துப் பாருங்க. மானாவாரி விவசாயம் சுருங்கி, இளவட்டங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய், காடுகளில் சீமைக்கருவேலம் ஏறி எத்தனை வருஷம் ஆச்சு? பல பாதைகளுக்கு அந்தக் கெடு ஏற்கெனவே முடிந்திருக்கும், அல்லது முடியப் போகுது. வேடிக்கை என்னவென்றால் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே போய்ப் பழைய வண்டித்தடத்தைத் தங்களை அறியாமலே திறந்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம் காட்டை மொத்தமாக நூறு இருநூறு ஏக்கர் வாங்கி, சூரிய மின்தகடு போடவோ சும்மா வைத்திருக்கவோ கம்பிவேலி போடுவது நடக்குது. வேலிக்குள்ளே பட்டாப் பாதை இருந்தால் கேட்க ஆளில்லை. புறம்போக்குப் பாதை இருந்தால் சட்டம் இருக்கு, கேட்கிறவனுக்கு அந்த சர்வே எண் தெரிந்திருந்தால். நடுவில் மாட்டிக்கொள்கிற நாலு ஏக்கர்க்காரன்தான் இதில் அடிபடுகிறான். பாதை போனால் டிராக்டர் போகாது, டிராக்டர் போகாத நிலத்தைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகணும்.

யாருடைய பாதை

பழைய பாதையைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் கைகோத்து நடந்த மாதிரி ஒரு மயக்கம் வந்துவிடும். அப்படி இல்லை. சத்திரத்துத் திண்ணையும் ஊருணிப் படித்துறையும் எல்லாச் சாதிக்கும் திறந்திருந்த காலம் அல்ல அது. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கிற உரிமைக்காகவே 1924-இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. குண்டாற்றில் நம்ம பள்ளத்தாக்கிலேயே, கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததால் 1897-இல் எழுந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் பல கிராமங்களில் மயானப் பாதைதான் முதல் பாதைத் தகராறு. அதனால் பாதையைத் தேடி ஊருக்குள் போகிறவன், "இதில் யார் யார் நடப்பாங்க?" என்றும் கேட்டாகணும். வரைபடத்தில் ஒற்றைக் கோடாக இருப்பது தரையில் இரண்டு தெருவுக்கு இரண்டு பாதையாக இருக்கலாம். இரண்டையும் பதிவு செய்யணும்.

நடை என்னமோ நம்மிடம் நிற்கவே இல்லை. தைப்பூசத்துக்குப் பழனி, ஆடியில் இருக்கன்குடி என்று லட்சக்கணக்கான பேர் நடக்கிறார்கள். பிரான்சில் பாதை இருந்தது, யாத்திரிகன் குறைந்துபோனான். இங்கே யாத்திரிகன் இருக்கிறான், பாதைதான் தார்ச்சாலைக்கு மாறிவிட்டது. ராத்திரியில் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில் நடக்கிறார்கள். சாலைக்கு நூறு கெஜம் தள்ளிக் கண்மாய்க் கரை சும்மா கிடக்கு.

நடந்து பார்க்க நினைப்பவர்களுக்கு

திருச்சுழிக் கோயிலில் தொடங்கலாம், ரயிலிலோ பஸ்ஸிலோ வரலாம். பள்ளிமடத்தில் ஒரு மணி நேரம் கொடுங்க. அங்கிருந்து கண்மாய்க் கரைகளைப் பிடித்து நரிக்குடி ஒரு முழுப் பகல் நடை. நேர்கோட்டில் 15 என்றாலும் கரையின் வளைவுகளில் போனால் இருபதுக்குப் பக்கத்தில் வரும். மறுநாள் சத்திரம், முக்குளம், கிருதுமால் ஆற்றுப் படுகை. மூன்றாம் நாள் வேணும்னா வீரசோழன் பக்கம் போகலாம். சந்தை நாளாகப் பார்த்துப் போனால் ஆட்டு மாட்டுக் கூட்டத்தைப் பார்க்கலாம்.

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரைதான் காலம். மழை நின்று, கண்மாயில் தண்ணி கிடந்து, நாரையும் கொக்கும் இறங்கியிருக்கும். பங்குனி பிறந்தால் வேண்டாம், நிழல் கிடையாது. கருவேல முள் ரப்பர் செருப்பை ஊசி மாதிரி துளைக்கும். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ கட்டாயம். உள்ளூர்க்காரர்கள் டயர் செருப்பு போட்டதன் காரணம் இதுதான். கண்ணாடி விரியன் உண்டு, அதிகாலையிலும் அந்தியிலும் கரைப் புல்லில் காலைப் பார்த்து வைக்கணும். தண்ணி மூன்று லிட்டர். ஐயனார் கோயில் எல்லைக்குள் செருப்பைக் கழற்றிடுங்க. சில கோயிலில் பெண்கள் வரக்கூடாது என்பார்கள், அங்கே வாதம் பண்ணாமல் கரைக்குக் கீழே சுற்றிப் போக வழி இருக்கும். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் டீக்கடை; எதுக்கு வந்தீங்க என்று அவங்க கேட்குமுன் நீங்களே சொல்லிடுங்க. நிலம் அளக்கிற ஆள், கம்பெனிக்காரன் என்று நினைத்துவிட்டால் ஒரு தகவலும் பெயராது. எனக்கு உதவினது ஒரே வாக்கியம்: "ராமேஸ்வரத்துக்கு முன்னாடி எந்தப் பக்கமா நடந்து போவாங்க?" அதற்கு மேல் அவங்களே பேசுவாங்க.

போனில் தடத்தைப் பதிவு பண்ணி ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஏற்றுங்க. பாதை என்று கோடு போடுவதோடு, சுமைதாங்கி, கலுங்கு, ஊருணி, நடந்த தேதி எல்லாத்தையும் சேர்த்துப் போடுங்க. தேதி போட்ட தடம் என்றைக்காவது யாராவது "இங்கே இருபது வருஷமா யாரும் நடக்கலை" என்று சொல்லும்போது எடுத்துக் காட்டலாம். ஆனா பட்டா நிலத்துக்குள் போகிற பாதையை ஏற்றுமுன் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவர் அறியாமல் உலகத்துக்கே வழி காட்டுவது முறையில்ல.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி வரை உள்ள கிராம வரைபடங்களை ஒட்டி முடித்தாச்சு. நரிக்குடி–பார்த்திபனூர் துண்டு பாக்கி. அதில் கிருதுமாலைக் கடக்கிற இடம் எது என்பதுதான் இப்போதைய கேள்வி. வரைபடத்தில் இரட்டைக் கோடு ஆற்றின் இந்தக் கரையில் நின்று, எதிர்க்கரையில் முந்நூறு மீட்டர் தள்ளித் தொடங்குகிறது. நடுவில் மணலில் நடந்தார்களா, இல்லை ஆறே இடம் மாறியதா என்பதை அடுத்த மார்கழியில் போய்ப் பார்க்கணும். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்க பெரியவங்ககிட்ட ஆற்றை எங்கே கடந்தாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க.